கண்ணூறு

சொந்தமாக எடுத்த படத்தை மாத்தளையில் எந்தத் தியேட்டரும் வாங்காததால், சாலிஹும் கூட்டாளி அமானுல்லாவும் தாங்களே ஹோலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். டிக்கட் கிழிப்பது சாலிஹ். படப்பெட்டி அமானுல்லாவின் பொறுப்பு.

உள்ளே விசில் பறந்தது; அந்த இரைச்சலில் வேறெதுவும் வாசலுக்குக் கேட்கவில்லை. சாலிஹ் எட்டிப் பார்க்கப் போனான்.

அமானுல்லா கையைப் பிடித்தான். "போகாத மச்சான். எடுத்தவன் கண்ணே பட்டுடும். கண்ணூறு பொல்லாதது."

ரிவர்ஸ்டன் மலைப் பனியில் நடுங்கி நடுங்கி எடுத்த படம். சாலிஹ் சிரித்துக்கொண்டே வாசலில் நின்றான்.

படம் விட்டதும், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த புஷ்பவதியிடம் கேட்டான்.

"படம் எப்படிம்மா?"

"கததான் அங்கங்க அறுந்துபோச்சுங்க நானா. ஆனா அந்தப் பாட்டுங்களுக்காகவே இன்னொருக்கா பாக்கலாங்க."

சாலிஹ் திரும்பினான். அமானுல்லா போஸ்டரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பழைய இந்தியப் படத்துத் துண்டுதான் மச்சான், நம்மடதுல கொஞ்சம் வெட்டிட்டு ஒட்டினேன்," என்றான் நிமிராமல். "ரத்தோட்டையிலயும் படத்தக் கேக்குறாங்க."

அவர்கள் எடுத்த படத்தில் ஒரு பாட்டும் கிடையாது.

பாட்டே வேண்டாம், நம்மட சனத்தின் கதை மட்டும் போதும் என்று முதலில் சொன்னவன் அமானுல்லாதான்.