பிள்ளை பார்க்க வந்தவர்கள்

யுத்தம் முடிந்த மறுவருடம், வாகரையில் சிவமணியின் வீட்டுக்குக் கல்யாணம் பேச வந்திருந்தார்கள். பாயில் அமர்ந்ததுமே றஞ்சிதா கேட்கத் தொடங்கினாள்.

“பிள்ளைக்குச் சமையல் தெரியுமா?”

“ஓம், மீன்கறி வச்சா ஒழுங்கை தாண்டித் தெரு வரைக்கும் மணக்கும்” என்றாள் சிவமணி.

“வீட்டு வேலை?”

“எல்லாம் செய்யும். செல்லடியில ஒரு கால் போனதுதான் குறை. பொய்க்கால் போட்டு நடக்கும்.” சிவமணியின் குரல் இறங்கியது. இதைக் கேட்டு எழுந்து போனவர்கள் பலர்.

றஞ்சிதா எழுந்திருக்கவில்லை. “கல்யாணம் முடிஞ்சா எங்கட வீட்டிலதான் இருக்கவேணும். முதல் கல்யாணத்துப் பிள்ளையொண்டும் இருக்கு. அதையும் பார்க்கவேணும்.”

“சின்னப் பிள்ளைகளெண்டா எங்கட பிள்ளைக்கு உசிர்.”

“அப்ப கூப்பிடுங்க, பார்ப்பம்.”

தேநீர்த் தட்டோடு மெல்ல நடந்து வந்தான், சிவமணியின் மகன் சுபாகரன். மீசை வியர்த்திருந்தது.

றஞ்சிதாவின் பக்கத்தில் இருந்த அவளுடைய தங்கை மகள் கலாஜினி நிமிர்ந்தாள். சுனாமியில் கணவனை இழந்த பிறகு, தானே தோணியில் போய் வலைபோட்டுப் பிழைப்பவள்.

“நான் விடியமுன்னமே தொழிலுக்குப் போயிருவன். நீங்க வீட்டில இருந்தா ஊர் சிரிக்கும். தாங்குவீங்களா?”

“என்னைப் பார்த்துச் சிரிச்சு ஊர் எப்பவோ களைச்சிட்டுது. நீங்க போயிட்டு வாங்க. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நான் அனுப்புறன்.”

கலாஜினி தேநீரை ஒரு மிடறு குடித்தாள்.

“சீனி கூடிப்போச்சு. எங்கட வீட்டுக்கு வந்தாக் குறைச்சுப் போடுங்க” என்றாள்.