ஊடுபயிர்

நாச்சிமுத்துவின் சோளக்காட்டில் போலீஸ் கஞ்சாச் செடிகளைப் பிடுங்கியது. அவரை மறுநாள் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காட்டைக் குத்தகைக்கு ஓட்டிய மருதாசலம் தலைமறைவாகிவிட்டான். பத்திரம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். வக்கீல் கோகிலவாணியின் அறையில் அவர் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

"செடி வெச்சது உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

"ஊடுபயிர் போட்டுக்கட்டுங்களான்னு மருதாசலம் கேட்டானுங்க. போட்டுக்கப்பான்னேன். தட்டைப்பயறுன்னு நெனச்சனுங்க."

"காட்டுப் பக்கம் போய்ப் பார்க்கவே இல்லையா?"

"முட்டிவலிங்க. அவனே வீட்டுக்கு வந்து சொல்லீட்டுப் போவான்."

வக்கீல் எழுதுவதை நிறுத்தினார்.

"இதை அங்கே சொன்னீங்கன்னா ரெண்டு பேரும் கூட்டுன்னு உங்களையும் உள்ளே வெச்சிருவாங்க. குத்தகை விட்டதோட சரி, அப்புறம் அவனைப் பார்க்கவே இல்லைன்னு சொல்லணும். புரியுதுங்களா?"

"சரிங்க அம்மிணி."

"எங்கே, சொல்லிப் பார்ப்போம். மருதாசலம் உங்க வீட்டுக்கு வருவானா?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். அவன் வரும் நாட்களில்தான் அவர் குழம்பு வைப்பார். மற்ற நாட்களில் தனியாளுக்கு மோரும் ஊறுகாயும் போதும். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான்.

"வரமாட்டானுங்க," என்றார்.

"நல்லது. இதைச் சொல்ல அக்கம்பக்கத்தில சாட்சி வேணும். உங்க வீட்டுக்கு வழக்கமா வந்துபோறவங்க யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லுங்க."

அவர் வெகுநேரம் யோசித்தார். வக்கீல் பேனாவுடன் காத்திருந்தார்.

"அவன்தானுங்க," என்றார்.