வேலுத்தாய்க்கு எடுத்த ஸ்கேன்

“மதுரைக்குப் போயி மூளையை ஸ்கேன் எடுத்தீகளாமே அக்கா. ஒருசமயம் துள்ளலும் ஒருசமயம் முடக்கமுமா வருமே, அந்த மனநோவா?” தாயில்பட்டி வெடிக் கம்பெனியில் திரி சொருகிக்கொண்டே பாண்டிச்செல்வி கேட்டாள்.

“ஆமா தாயி,” என்றாள் வேலுத்தாய்.

சாயங்காலம் அதைக் கேள்விப்பட்டதும் வேலுத்தாயின் தம்பி மனைவி கற்பகவல்லி கண் கலங்கினாள். “நோவு எனக்கு. கெட்ட பேரு உங்களுக்கா, மதினி?”

“இருக்கட்டும். நோவு உனக்குத்தான்னு ஊருக்குச் சொல்லச் சொல்றியா? மாத்திரை சாப்பிட்டு நீ பெருத்துட்ட. மூளையில தெரியுற மாத்தம் நோவாலயா, பருமனாலயான்னு கணக்குப் போட, உன்னை மாதிரியே குண்டா, ஆனா நோவில்லாத ஆளுகளும் ஆராய்ச்சிக்கு வேணும்னாரு உன் டாக்டர். அதான் நான் போனேன்.”

வேலுத்தாய் சிரித்தாள்.

“இந்த உடம்பைக் கேலி பண்ணாத ஆளு ஊருல கிடையாது. அவருதான் மொதமொதலா இதுக்கு நன்றி சொன்னாரு.”