நாலு பேர் சிரிப்பாங்க

"ரித்திக், கழட்டு அதை."

"மாட்டேன்."

"வீட்டுலேருந்து சொல்லிக்கிட்டு வர்றேன். கழட்டுறியா இல்லையா?"

"இல்லை."

செங்காங்கில் ரயில் ஏறியதிலிருந்து இதே பேச்சுத்தான். ஐந்து வயது ரித்திக்கின் இரண்டு கால்களிலும் கொலுசு.

எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கைப்பேசியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அப்பா உமாசுதனுக்கு அப்படித் தோன்றவில்லை.

எல்லாம் மனைவி தர்ஷனாவைச் சொல்ல வேண்டும். மகளின் நடன வகுப்புக்கு ஏதோ வாங்க நேற்று லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு கடைக்குப் போனவள், தம்பியும் கேட்டான் என்று அவனுக்கும் ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிட்டாள். கேட்டால், "விளையாடத்தானே கேட்டான்? விட்டுடுங்களேன்" என்கிறாள்.

விட்டுத்தான் பார்த்தான். சாயங்காலம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பக்கத்து வீட்டு பெர்னார்ட் அங்கிள் பிடித்துக்கொண்டார்.

"என்ன உமா, உங்களுக்கு ரெண்டும் பொண்ணா? சொல்லவே இல்ல லா!"

அந்தச் சிரிப்பு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அந்தக் கடையில் அவனுக்கும் ஒரு வேலை இருந்தது. கையோடு கொலுசையும் மாற்றிவிடலாம் என்று கிளம்பிவிட்டான். இந்த மாதம் யார் மேலும் கோபப்படக் கூடாது என்றுதான் இருந்தான். இருக்க விட்டால்தானே!

கதவு மூடியது. ரித்திக் எழுந்து நின்று காலைத் தட்டினான். ஜல், ஜல், ஜல்.

"அடுத்த நிலையம், டோபி காட்!"

"டேய், உட்காரு. நாம லிட்டில் இந்தியாவுலயே இறங்கணும்."

"அது உங்க டிரெயின்ப்பா. என் டிரெயின் டோபி காட் போகுது. இதுதான் கதவுச் சத்தம். இது இல்லேன்னா கதவு மூடாது."

"கொலுசெல்லாம் பொண்ணுங்க போடுறது."

"ஏன்?"

"ஏன்னா... நடந்தா சத்தம் வரும்."

"எனக்கும் வருதே!"

உமாசுதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"ஆம்பளப் பிள்ளை ஜல்லு ஜல்லுன்னு போனா நாலு பேர் சிரிப்பாங்கடா."

"சிரிச்சா நல்லதுதானேப்பா?"

"அந்தச் சிரிப்பு இல்ல. உன்னைக் கேலி பண்ற சிரிப்பு. அசிங்கமா இருக்கும்."

ரித்திக் எதிர் இருக்கையைப் பார்த்தான். அந்தப் பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக உட்கார்ந்து, கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் ரயில் எந்த நிலையத்திலும் கதவு திறக்கவில்லை.

வேலாயுதத்தின் கடை, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருந்தது. பூசைச் சாமான், நடனச் சாமான், விளையாட்டுச் சாமான் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. வாசலிலேயே உமாசுதன் குனிந்து கொலுசைக் கழற்றினான். பையன் அடம்பிடிக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு சும்மா நின்றான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"அண்ணே, நேத்து வீட்டுல வாங்கினாங்க. இதை எடுத்துக்கிட்டு அந்த ரேஸ் காரைக் கொடுங்க."

"ஏன் தம்பி, சைஸ் சரியில்லையா?"

"சைஸ் சரிதான். போடுற ஆளுதான் சரியில்ல."

வேலாயுதம் பையனை ஒரு தரம் பார்த்தார். காரை எடுத்துக் கொடுத்தார். ரித்திக் வாங்கிக்கொண்டான். தேங்க் யூ சொன்னான். ஓட்டிப் பார்க்கவில்லை.

"உங்க சாமானும் ரெடியா இருக்கு. தைப்பூசம் நெருங்கிடுச்சா, காவடிக்காரங்க கூட்டம் தாங்கல. உங்களுதைத் தனியா எடுத்து வச்சேன்."

பொட்டலம் பிரிந்தது. ரோஸ் நிறப் பட்டு வேட்டி. ஜரிகை வைத்த இடுப்புக் கச்சை. கடைசியில், வரிசை வரிசையாக மணி கோத்த ஒரு ஜோடிச் சலங்கை.

"கட்டிப் பாருங்க. போன வருஷத்துது சத்தம் பத்தலைன்னீங்களே."

காலையிலிருந்து இறுகியிருந்த உமாசுதனின் முகம் மலர்ந்தது. முக்காலியில் உட்கார்ந்து, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, இரண்டு காலிலும் சலங்கையை இறுக்கிக் கட்டினான். ரோஸ் பட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டான். காவடி தோளில் இருப்பதுபோல் கைகளை உயர்த்தி, சுழன்று இரண்டு அடி ஆடினான்.

ஜல்! ஜல்! ஜல்!

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அருமைண்ணே! இன்னும் ரெண்டு வரிசை மணி சேர்க்க முடியுமா? தெரு முனை வரைக்கும் கேட்கணும்."

யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். ரித்திக். முகமெல்லாம் கலவரம். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எம்பி, குனிந்த அப்பாவின் காதருகே ரகசியமாகச் சொன்னான்:

"சீக்கிரம் கழட்டிடுங்கப்பா, நாலு பேர் சிரிக்கப் போறாங்க. அழாதீங்க, என்ன? இந்தாங்க, என் காரை நீங்க வச்சுக்குங்க."