படிச்சுப் பார்த்துட்டோம்

பார்வையற்றோர் சேவைக் குழுவில் பார்வையில்லாத ஒரே உறுப்பினர் டீச்சர்தான். அவரையும் ஆண்டறிக்கை போட்டோவுக்காகத்தான் சேர்த்திருந்தார்கள்.

"கூட்டத்துக் காகிதமெல்லாம் எனக்கு பிரெயில்ல வேணும் சார்" என்று ரெண்டு வருஷமாகக் கேட்டு, வாய் வலித்ததுதான் மிச்சம்.

"அதுக்கு நிதி ஏது டீச்சர்? நாங்க படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுறோம். எங்கமேல நம்பிக்கை இல்லையா?" என்பார் செயலாளர்.

இன்று டீச்சரே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஃபைல் மேசையைச் சுற்றி வந்தது. பேனா கீறும் சத்தம் ஏழு தடவை கேட்டது. தாள் புரளும் சத்தம் ஒரு தடவைகூட டீச்சர் காதில் விழவில்லை.

"பிரமாதம் டீச்சர்! படிச்சுப் பார்த்துட்டோம், ஏகமனதா நிறைவேத்தியாச்சு."

"அப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு தடவை வாசிச்சிடுங்க சார்."

மேலே இருந்த கையெழுத்துத் தாளைச் செயலாளர் அப்போதுதான் புரட்டினார்.

"என்ன டீச்சர், உள்ளே எழுத்தையே காணோம்! வெறும் புள்ளியா இருக்கு!"

"பிரெயில் சார்." டீச்சர் ஃபைலை வாங்கி விரலை ஓட்டினார். "'இனி குழுவில் பாதிப் பேர் பார்வையில்லாதவர்கள். காகிதமெல்லாம் பிரெயிலில். அதற்கான நிதி, செயலாளரின் கார் செலவிலிருந்து.'"

"நிஜமாவே அப்படியா எழுதியிருக்கு?"

"படிச்சுப் பார்த்துத்தானே சொல்றேன். என்மேல நம்பிக்கை இல்லையா சார்?"