வால் மாறிய கையெழுத்து

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பழைய ரசீதின் முதுகில் அந்தக் கையெழுத்தைப் பதினோராவது தடவையாகப் போட்டுப் பார்த்தார் கண்ணாடிக் கடைக்காரர். மேலே ஏற வேண்டிய கடைசி எழுத்தின் வால் அழகாகக் கீழே இறங்கியது. திருப்தியோடு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நிஜச் செக்கிலும் அப்படியே போட்டார்.

மோசடிதான், சந்தேகமில்லை. ஆனால் இன்னொருவர் கையெழுத்தை அவர் போடவில்லை. தன் சொந்தக் கையெழுத்தைத்தான் பாடுபட்டுத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

காரணம், பெட்டிக்கார மேடம். மூக்குக்கண்ணாடி வைக்கிற அட்டைப்பெட்டிகளை இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்துச் செய்து கொடுப்பவர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். நம்மவரும் கல்யாணமாகாதவர்தான், வயது நாற்பத்திரண்டு. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவருக்கு, எதிரே நிற்கிற பெண்ணை ஏறெடுத்துப் பார்க்கத் தைரியம் கிடையாது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் எப்படியோ பார்த்துவிட்டார். பார்த்தபடியே செக்கில் கையெழுத்தும் போட்டுவிட்டார். நாலாம் நாள் மேடம் அந்தச் செக்கோடு வந்து நின்றார்.

"கையெழுத்து மாறியிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க சார்."

கடைக்காரர் பதறிப்போய்ச் செக்கை வாங்கிக்கொண்டு ரொக்கமாகவே கொடுத்தார். கொடுத்து முடிப்பதற்குள் டீ வந்தது, டீ முடிவதற்குள் மழை வந்தது. மேடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, பசை காயாத பெட்டிகளைப் பற்றியும், ஆள் வராத நாளில் தானே கத்தரி பிடித்ததைப் பற்றியும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கடைக்காரருக்கு வாழ்நாளில் அப்படி ஒரு முக்கால் மணி நேரம் வாய்த்ததே இல்லை.

அன்றிலிருந்து மாதாமாதம் வால் கீழே இறங்கியது. மாதாமாதம் செக்கும் திரும்பியது, மேடமும் திரும்பினார். முதலிலேயே ரொக்கமாகக் கொடுத்திருக்கலாம்தான், ஆனால் கொடுத்தால் அந்த மாதத்துக்கு அதோடு சரி. திரும்பின செக்குக்கு ஒரு பைசா அபராதம் பிடிக்காத பேங்க் மேல் அவருக்குத் தனி மரியாதையே வந்திருந்தது.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் மேடம் பெட்டிகளை இறக்கிவிட்டுச் செக்கை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவையாவது பார்த்துப் போட்டீர்களா என்று கேட்டார். நன்றாகப் பார்த்துத்தான் போட்டேன் என்று கூசாமல் சொன்னார் கடைக்காரர்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில்தான் மண் விழுந்தது. அவருடைய அக்கா வக்கீல். செக் வழக்கென்றால் எதிராளியின் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவர். வேறு யாருக்கோ வந்த சந்தேகம் மாதிரி அவரிடம் மெல்லக் கேட்டுவைத்தார் தம்பி.

"பணமில்லாம செக் திரும்பினாலும் ஒண்ணுதான், வேணும்னே கையெழுத்தை மாத்திப் போட்டுத் திரும்பினாலும் ஒண்ணுதான்டா" என்றார் அக்கா. "செக்கை வச்சிருக்கிறவங்க நோட்டீஸ் விட்டு, கெடுவுக்குள்ள பணம் வரலைன்னா நேரா கோர்ட்டுதான். யாருடா அந்த முட்டாள்?"

தெரிந்தவர் ஒருத்தர் என்று சொல்லிவிட்டு, அந்த முட்டாள் கை கழுவ எழுந்து போனார்.

கோர்ட்டுக்குக்கூட அவர் பயப்படவில்லை, பணத்தைத்தான் கொடுத்துவிடுகிறாரே. ஆனால் இந்த ஆள் வேண்டுமென்றே செய்கிறான், ஏமாற்றுப் பேர்வழி என்று பேங்கில் யாராவது மேடத்திடம் சொல்லிவிட்டால்? அப்புறம் அந்த மனுஷி ஜென்மத்துக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

திங்கட்கிழமை கடை திறந்து சாவியைக்கூட மாட்டவில்லை, பேங்கிலிருந்து போன் வந்துவிட்டது. கையெழுத்து விஷயமாக மேனேஜர் உடனே பார்க்க வேண்டுமாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவருக்கு டமாரமே அடித்தது. காலையில் மேடம் செக்கைப் போட்டிருக்கிறார், கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம் என்று முடிவு கட்டி, கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார்.

மேனேஜர் ஒரு படிவத்தை நீட்டி வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். இறங்கின வால், டீ, மழை, ஆறு மாதம், மேடத்தின் சிரிப்பு என்று எல்லாவற்றையும் நின்றபடியே ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

"அவங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். என் செக் புக்கை வேணா பிடுங்கிக்குங்க, அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டார்.

மேனேஜர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கணக்கு ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆனவர்கள் எல்லாரிடமும் புதிதாக மாதிரிக் கையெழுத்து வாங்குகிறோம், கூப்பிட்டது அதற்குத்தான் என்றார். பிறகு என்ன தோன்றியதோ, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அவருடைய ஆறு மாதக் கணக்கை மேலிருந்து கீழே ஒரு தடவையும் கீழிருந்து மேலே ஒரு தடவையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்த மேடத்துக்கு நீங்க எழுதின செக் ஒண்ணுகூட இதுவரைக்கும் பேங்குக்கே வரலையே சார்."