வளைவில் இரண்டு செகண்டு

புகழேந்தியின் ஸ்பேனர் பையைத் தூக்கி வேடியப்பன் செங்கம் ரோட்டில் வீசினான். உள்ளே இருந்த சாமான்கள் தார் மேல் சிதறின. மத்தியான வெயிலில் கிரிவலம் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் ஒதுங்கி நடந்தார்கள்.

“பொறுக்கிக்கினு போய்க்கினே இரு. இனிமே இந்தப் பட்டறையில கால் வெக்காத.”

“இன்னாடா பண்ணேன் நான்?” புகழேந்தி நகரவில்லை.

“நேத்து டிராக்குல உன் காது இன்னா அடைச்சா இருந்துச்சு? சென்னைக்காரன் வண்டி வளைவு தாண்டறப்ப எப்படி சத்தம் போட்டுச்சு, கேட்டியா இல்லியா?”

புகழேந்தியும் கேட்டிருந்தான்.

மூன்று வருடமாக இருவரும் சேர்ந்து செய்த வண்டி உள்ளே நின்றது. பழைய காரிலிருந்து கழற்றிய மூன்று சிலிண்டர் இன்ஜின், அதற்குத் துணையாக ஒரு கரண்ட் மோட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரப் பந்தயம். சின்ன ஹைபிரிட் வண்டிகளில் இவர்களுக்குப் போட்டி என்று சொல்ல அந்தச் சென்னை அணி ஒன்றுதான்.

ஒவ்வொரு வளைவும் முடிகிற இடத்தில் மோட்டார் இரண்டு செகண்டு மட்டும் தள்ளிவிடும். அந்த நேரத்தில் சின்ன இன்ஜின் திணறாது, சூடாகாது, பெட்ரோலும் கம்மியாகத்தான் குடிக்கும். கல் குவாரியில் ஜல்லி உடைத்து வளர்ந்த வேடியப்பன், யாரும் சொல்லித் தராமல் தானே கண்டுபிடித்த வித்தை அது. ஜெயித்தால் இந்த இன்ஜினை எடுத்துக்கொள்வதாக ஸ்போர்ட்ஸ் கார் செய்கிற கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. நேற்று ஒத்திகை ஓட்டத்தில் சென்னை வண்டியும் வளைவுக்கு வளைவு அதே இரண்டு செகண்டு முனகிவிட்டுப் பாய்ந்தது.

“அது மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, உனக்கு, அதோ அந்த மலைக்கு. மலையா போய் சொல்லிச்சு?”

“நான் சொல்லலடா.”

“அவங்க மெக்கானிக் கூட நின்னு டீ குடிச்சியே. பல்ல காட்டி சிரிச்சியே.”

“அவன் எங்க கீழ்பென்னாத்தூர் ஆளு. சின்ன வயசுலேர்ந்து தெரியும். டீ குடிச்சா துரோகமா?”

“டீக்கு மட்டும் இளிச்ச மாதிரி தெரியல.”

புகழேந்தியின் முகம் சுண்டிப் போனது. குனிந்து ஒவ்வொரு ஸ்பேனராகப் பொறுக்கினான். வேடியப்பன் உதவவில்லை. பன்னிரண்டு வருடம் ஒரே தட்டில் சோறு தின்றவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“வண்டி எடுக்கறப்ப பின் சக்கரத்து நட்ட ஒரு தடவ பாத்துக்கோ” என்றான் புகழேந்தி. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

வேடியப்பன் உள்ளே வந்து பழைய டயர் மேல் சரிந்தான். எதிர் டயரில் மௌனசாமி வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். பட்டறை மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர். ஒரு மண்டலம் பேசுவதில்லை என்று வந்த அன்றே சிலேட்டில் எழுதிக் காட்டியவர். ரமணாசிரமம் பக்கம் இப்படி ஆட்கள் வருவதும் போவதும் சகஜம் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வாய் ஓடினால்தான் வேடியப்பனுக்குக் கை ஓடும். தினமும் டீ நேரத்தில் அவர் உட்காருவார், இவன் பேசுவான். பேசாத மனிதரிடம் பேசுவது மலையிடம் பேசுகிற மாதிரி அவனுக்கு.

“பாத்தீங்களா சாமி, கூட இருந்தே கழுத்தறுத்துட்டான். வளைவுல மூணு செகண்டு மோட்டாரு, அதுக்கு நான் எத்தன நாள் தூங்காம கிடந்தேன்.”

சாமி இரண்டு விரலைக் காட்டினார்.

“ஆமா சாமி, ரெண்டு. ஆத்திரத்துல வாய் குளறுது. உங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு பாருங்க.” வேடியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “போவட்டும். அவனுக்கே தெரியாத ஒண்ணு என்கிட்ட கீது.”

சாமி டயரில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“வண்டி மெதுவா போற இடத்துல எல்லாம் இன்ஜின அடியோட அணைச்சிடுவேன். வெறும் மோட்டார்லயே உருட்டிடுவேன். ஆறு மணி நேரத்துல அவன் நாலு தடவ பெட்ரோலுக்கு நிப்பான். நான் மூணே தடவ. அந்த ஒரு தடவ போதும் சாமி, எட்டிப் பிடிக்கவே முடியாது.”

சாமி இரு கையாலும் அவன் தலையைத் தொட்டு ஆசி சொல்வது போல உதட்டை அசைத்தார். எழுந்து மாடிக்குப் போனார்.

பாரம் இறங்கின மாதிரி இருந்தது வேடியப்பனுக்கு. சாமி இன்னும் டீ குடிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எதிர்க்கடையில் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு படி ஏறினான்.

மேல் படியில் கால் வைக்கும்போது அறைக்குள் பேச்சுக்குரல் கேட்டது. புகழேந்திதான் மனசு கேட்காமல் திரும்பி வந்து சாமியிடம் அழுகிறானோ என்று ஒரு நொடி நெஞ்சு துள்ளியது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே சாமியைத் தவிர வேறு யாரும் இல்லை. சிலேட்டு கட்டிலில் கிடந்தது. காதில் போன்.

“பெட்ரோலுக்கு நாலு தடவ இல்ல சார், மூணு. எழுதிக்கோங்க.”

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள் போல. சாமி மெல்லச் சிரித்தார்.

“கூட இருந்தவரா? அவரை இவரே துரத்திட்டாரு சார்.”